ஓட்டோ கியர் ஓடுறவங்க ட்ரைவர் இல்லையா?

2025 மார்ச் 2

கல்முனையில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார்: “வாகன இறக்குமதி திறந்தாச்சு. இனி எல்லாரும் ஓட்டோ கியர்தான் எடுக்கப் போறாங்க. கிளச் மிதிச்சு கியர் மாத்தத் தெரியாதவங்களை ட்ரைவர் எண்டு சொல்லேலாது. அவங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டிருக்கிற பயணிகள். முதல்ல மனுவல் பழகணும், மறுகாதான் ஓட்டோ.”

தம்பி, நான் ஓட்டோ மட்டும் ஓடுறவள். நாலு வருசமா ஓடுறன். மழைக்குள்ள, இருட்டுக்குள்ள, நடு ரோட்டில மாடு படுத்திருக்கிற களுவாஞ்சிகுடிப் பக்கம், கையைக் காட்டினவுடன சடாரெண்டு நிக்கிற பஸ்ஸுக்குப் பின்னால. என்னைப் பயணி எண்டா நான் ஒத்துக்கொள்ள மாட்டன்.

2004ல எனக்கு 27 வயசு. கார் பழகப் போனன். பழக்கினவர் ஒரு பழைய வான் கொண்டு வந்தார். மூணு மிதி, ரெண்டு கால், ஒரு கையில கியர், மற்றக் கையில ஸ்டியரிங். நாலாம் நாள் அரசடிச் சந்தியில வண்டி நிண்டிச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணினன், துள்ளி நிண்டிச்சு. மூணாந்தரமும் நிண்டிச்சு. பின்னால ஹோர்ன். பழக்கினவர் என்னைப் பார்த்து, “இது உங்களுக்குச் சரிவராது மிஸ், வீட்டில ஓடுறதுக்கு ஆள் இருக்குத்தானே” எண்டார். அண்டைக்கு இறங்கினவள் 17 வருசம் ஸ்டியரிங் பக்கம் போகல்ல. அந்தச் சொல்லை நான் நம்பிட்டன். அதுதான் இப்பவும் வலிக்கிறது.

2021ல இவர், என்ர கணவர், ஒரு பழைய வேகன் ஆர் கார் எடுத்தார். 2015 மொடல். கியரே இல்லாத கார். தெருவில ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு காலையில நானே ஏறினன். பிரேக்கில காலை வைச்சு, முன்னுக்குப் போறதுக்கான D போட்டன். காலை எடுத்தன். கார் தானா மெல்ல ஊர்ந்துது. ஒழுங்கை முடியிற இடத்தில கிறுகி, திரும்ப வீட்டுக்கு வந்தன். 17 வருசப் பயம் ஒரு ஒழுங்கையோட போயிட்டு.

2025 மார்ச் 3

ரெண்டு விசயம். “ஓட்டோ” எண்டு நான் எழுதினா அது ஓட்டோ கியர். த்ரீவீலர் இல்ல. ரெண்டு பேர் குழம்பிட்டாங்க. த்ரீவீலர்தான் சுத்தமான மனுவல், இடக்கையில கிளச்சும் கியரும். அதை ஓடுற தம்பிமார் எல்லாரும் கல்முனைத் தம்பியின்ர கணக்கில ட்ரைவர்தான்.

மற்றது, “கியரே இல்லாத கார்” எண்டு எழுதினது பிழை. செங்கலடியில கராஜ் வைச்சிருக்கிற ஒருவர் திருத்தினார், நன்றி. ஓட்டோ எண்டுறதில பல சாதி இருக்கு. பழைய முறை, எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில ஒயில் சுழண்டு இழுவையைக் கடத்துறது, அதுக்குப் பின்னால பல்லுச் சில்லுக் கியர்கள். அமெரிக்காவில ஓல்ட்ஸ்மொபில் கார் 1940 மொடலுக்கு அதைப் போட்டுத்தான் பெருவாரியா வித்தாங்க. என்ர காரில இருக்கிறது சிவிடி. ரெண்டு கப்பி, நடுவில ஒரு இரும்புப் பெல்ட். கப்பி ஒடுங்கினா பெல்ட் மேல ஏறும், விரிஞ்சா கீழ இறங்கும். கியர் படிப்படியா மாறாது, வழுக்கிக்கொண்டு மாறும். மூணாவது சாதி, உள்ளுக்கு அசல் மனுவல் கியர்பொக்ஸ்தான், கிளச்சை மனுசருக்குப் பதிலா மோட்டர் மிதிக்கும். சின்ன இந்தியக் கார்களில வாறது அது. கியர் மாறேக்க ஒரு தலையாட்டு ஆட்டும்.

2025 மார்ச் 9

கப்பியும் பெல்ட்டும் எண்டு எழுதினதில இருந்து ஒரு யோசினை. நான் மிட்வைஃப். என்ர வேலை வீடு வீடாப் போறது. 2004க்கும் 2021க்கும் நடுவில நான் ஒண்டும் ஓடாம இருக்கல்ல, ஸ்கூட்டி ஓடினன். ஸ்கூட்டியிலயும் அதே கப்பி, அதே பெல்ட், இரும்புக்குப் பதிலா ரப்பர். வேகம் கூடினா உள்ளுக்கு இருக்கிற உருளைகள் வெளியால தள்ளுப்பட்டு கப்பியை நெருக்கும், பெல்ட் ஏறும். அவ்வளவுதான். அப்ப நான் 2021ல ஓட்டோவுக்குப் புதிசில்ல, பத்துப் பன்னெண்டு வருசப் பழக்கக்காரி. இதை எழுதி முடிக்கேக்கதான் எனக்கே விளங்குது.

இதில இன்னொரு கதையும் இருக்கு. மட்டக்களப்பில எந்தப் பள்ளிக்கூட வாசலிலயும் காலைல நிண்டு பாருங்க. ஸ்கூட்டியில வாற ரீச்சர்மார், பிள்ளையை இறக்கிப்போட்டு வேலைக்கு ஓடுற தாய்மார், பின்சீட்டில மாமியை ஏத்திக்கொண்டு கிளினிக்குக்குப் போற மருமக்கள். எங்கட அம்மாமாரின்ர காலத்தில இந்த வீதிகளில பொம்பிளை சைக்கிள்தான் மிதிச்சாள். கியர் மோட்டச்சைக்கிள் வீட்டுக்கு வீடு நிண்ட காலத்திலயும் அதில ஏறி ஓடின பொம்பிளையை நான் விரல்விட்டு எண்ணுவன். கிளச்சும் கியரும் இல்லாத ஒரு வண்டி வந்த பிறகுதான் நாங்க கூட்டமா வீதிக்கு வந்தம்.

படுவான்கரைக்கு முதல் எப்பிடிப் போவன் தெரியுமா? மண்முனையில பாதை, வாவியைக் கடக்கிற மிதவை. வண்டியை அதில ஏத்தி, வாவியைக் கடந்து, மறுகரையில இறக்கி, கொக்கட்டிச்சோலைப் பக்கம். 2014ல பாலம் திறந்தாங்க. பாலமும் ஸ்கூட்டியும் சேர்ந்து என்ர வேலைநாளை மாத்திட்டு. மூணு வீடு பார்த்த நேரத்தில ஏழு வீடு பார்த்தன்.

ஆகையால லேசா ஓடுறதை ஏளனமாப் பேசிறவங்களோட எனக்குக் கோவம் வரும். லேசாக்கினதாலதான் நான் அந்த வீடுகளுக்குப் போனன்.

2025 மார்ச் 11

அக்கரைப்பற்றுச் சகோதரர் கேட்டதுக்கு: ஓம், ஓட்டோவில இறக்கத்தில N (நியூட்ரல்) போட்டு விட்டா பெற்றோல் கொஞ்சம் மிச்சம் வரும். 2022ல பெற்றோல் செட்டில நாள்கணக்கில வரிசையில நிண்ட காலம் இவர் அப்பிடித்தான் ஓடினார்.

2025 மார்ச் 30

மேல நான் எழுதினதை ஒருவரும் செய்யாதீங்க. பிழை. கராஜ்காரர் திரும்ப வந்து விளக்கினார், நானும் தேடி வாசிச்சன். இப்ப வாற எஞ்சின்களில கியரில இருக்கேக்க எக்ஸிலேட்டரில இருந்து காலை எடுத்தா, சில்லுத்தான் எஞ்சினைச் சுழட்டுது, கம்ப்யூட்டர் பெற்றோலை வெட்டிவிடும். N போட்டா சில்லுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு போயிடும். மறுகா எஞ்சின் அணையாம இருக்க அதுக்குப் பெற்றோல் குடுத்துக்கொண்டே இருக்கணும். மிச்சம் பிடிக்கிறம் எண்டு செலவழிச்சம். பழைய காபரேட்டர் காலத்துப் பழக்கம், அப்ப அது சரியா இருந்திருக்கலாம்.

N போட்டு இறங்கினா இன்னொரு ஆபத்து இருக்கு. எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது, பாரம் முழுக்க பிரேக்கிலதான்.

2025 ஏப்ரல் 13

மகள் பேராதனையில படிக்கிறாள். சித்திரை வருசத்துக்குக் கூட்டி வர நானும் இவரும் போனம். செங்கலடியால ஏறி, கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை. அங்கால 18 வளைவு எண்டுற மலைப்பாதை. போகேக்க இவர் ஓடினார். வரேக்க நான் கேட்டு வாங்கினன்.

மட்டக்களப்பு ஆளுக்கு ஏத்தம் இறக்கம் தெரியாது. எங்களுக்கு ஏத்தம் எண்டா பாலம்தான். நான் D போட்டபடி பிரேக்கை மிதிச்சு மிதிச்சு இறங்கினன். ஆறேழு வளைவு தாண்ட ஒரு மணம் வந்துது, ரப்பர் எரியிற மாதிரி. வெளியால ஏதோ எரிக்கிறாங்க எண்டு நினைச்சன். அடுத்த வளைவில பிரேக் மிதி வழமையை விடக் கொஞ்சம் கூட இறங்கிச்சு. பின்சீட்டில மகள். எனக்கு உள்ளங்கை குளிந்து போச்சு.

ஓரமா நிப்பாட்டினம். முன் சில்லுக்குக் கிட்ட கையைக் கொண்டு போகேலாத சூடு. அரை மணித்தியாலம் இருந்து, தேத்தண்ணி குடிச்சு, ஆற விட்டம். இவர் மாமாவுக்கு ஃபோன் எடுத்தார். மாமா, இவரின்ர அப்பா, 74 வயசு, முப்பது வருசம் லொறி ஓடினவர். அவர் சொன்னது ஒரே வசனம்: “ஏறின கியர்லதான் இறங்கணும்.”

“மாமா, எங்கட காரில அப்பிடிக் கியர் இல்ல.”

“L எண்டு ஒரு எழுத்துக் கிடக்கும், பார்.”

நாலு வருசமா அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறன், ஒரு நாளும் போடல்ல. போட்டன். எஞ்சின் இரைஞ்சுது, கார் தானா இழுத்துப் பிடிச்சுது. மிச்ச வளைவெல்லாம் பிரேக்கை அங்கங்க தொட்டதோட சரி.

காரணம் இப்ப விளங்குது. D யில சிவிடி எப்பவும் எஞ்சினை ஆறுதலாச் சுழல விடத்தான் பார்க்கும். இறக்கத்தில அதால பிடிமானம் குறையும், பாரம் முழுக்க பிரேக்குக்கு. பிரேக் சூடேறினா பிடிக்காது, இன்னும் சூடேறினா பிரேக் ஒயில் கொதிச்சுக் குமிழி வரும், மிதி பஞ்சு மாதிரிப் போகும். L போட்டா எஞ்சினே பிரேக். டொயோட்டா ஹைபிரிட்டுகளில B எண்டு இருக்கும், அதுவும் இந்த வேலைக்குத்தான். N போட்டு இறங்கிற ஆளுக்கு இந்தப் பிடிமானம் ஒரு துளியும் இல்ல. மனுவலில கிளச்சை அழுத்திக்கொண்டு இறங்கினாலும் அதே கதிதான்.

கல்முனைத் தம்பிக்கு: உங்கட பேச்சில ஒரு பங்கு உண்மை இருக்கு எண்டு அண்டைக்கு அந்த வளைவில நினைச்சன். மனுவல் பழகினவருக்கு இது கையிலயே வந்திருக்கும். எனக்கு ஒருவரும் சொல்லித் தரல்ல. ஆனா மருந்து கிளச் இல்ல. ஓட்டோ பழக்கிறவங்க D, R, P யோட நிப்பாட்டாம L என்னத்துக்கு எண்டும் சொல்லிக் குடுக்கணும்.

2025 ஏப்ரல் 15

யானைக் கதை கேட்டாங்க. ஓம், திரும்பி வரேக்க புல்லுமலைக்கு இஞ்சால பொழுதுபட ஒண்டு நிண்டுது. தூரத்தில லைட்டைக் குறைச்சு நிப்பாட்டினன், R போட்டுப் பின்னால எடுத்தன். அது கடந்து காட்டுக்குள்ள போச்சு. அந்த நேரம் கை நடுங்கிச்சு, கிளச் எண்டா எஞ்சின் அணைஞ்சு வண்டி நடு வழியில நிண்டிருக்கும். இந்த விசயத்தில ஓட்டோவுக்குத்தான் என்ர வாக்கு.

2025 ஜூன் 4

எழுதணுமா எண்டு ரெண்டு நாள் யோசிச்சன்.

ஞாயிறு இரவு ஒரு மணிக்கு, பக்கத்து வீட்டு ஐயாவுக்கு நெஞ்சு நோ. ஐயாட மகன் வயலுக்குக் காவலுக்குப் போயிட்டார். இவர் எங்கட காரில திருகோணமலைக்குப் போனவர். ஐயாவின்ர வீட்டு முத்தத்தில மகன்ட டிமோ பட்டா, சின்ன லொறி, நிக்குது, சாவி கொழுவி இருக்குது. ஐயாவின்ர மருமகள் ஓடி வந்து என்ர கையைப் பிடிச்சு, “மிஸ், நீங்க ஓடுவீங்கதானே” எண்டு கேட்டா.

ஏறி இருந்தன். சாவியைத் திருப்பினன். ஸ்டார்ட் வந்துது. மூணு மிதி. கிளச்சை விட்டன், துள்ளி நிண்டிச்சு. திரும்ப. திரும்ப. அரசடிச் சந்தியில நிண்ட அதே பொம்பிளை. 21 வருசத்துக்குப் பிறகு, ஒரு மனுசன் வேர்த்து விறுவிறுத்துப் பக்கத்தில இருக்கேக்க.

1990 எண்டுற அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சம். அம்புலன்ஸ் வந்துது, கொண்டு போனாங்க, ஐயா தப்பிட்டார். நானும் கூடப் போனன். வழியெல்லாம் அவரின்ர நாடியைப் பிடிச்சுக்கொண்டு போனன், அது எனக்குத் தெரிஞ்ச வேலை. ஆனா சாவியும் வண்டியும் கையில இருந்த அந்தக் கொஞ்ச நேரம் என்னை விட்டுப் போகுதில்ல.

2025 ஜூன் 5

இல்ல, கல்முனைத் தம்பி, நீங்க வெண்டிட்டீங்க எண்டு நான் எழுதல்ல. “முதல்ல மனுவல்” எண்டுறதைத்தான் நான் ஏற்கல்ல. 2004ல எனக்கு நடந்தது அதுதானே, முதல் மனுவல். அதால 17 வருசம் கார் ஓடல்ல. ஓட்டோ இருந்தபடியால் வீதி எனக்குப் பயமில்ல இப்ப. இனி மிச்சத்தைப் பழகலாம். மாமாட்ட கேட்டிட்டன்.

2025 ஜூன் 29

நாலு ஞாயிறு. மட்டக்களப்பில டச் பார் எண்டுற கடற்கரைப் பக்கம், காலைல ஆறு மணிக்கு, எல் போர்ட் கட்டின ஒரு பழைய மாருதி, மாமாவின்ர சிநேகிதரின்ர.

முதல் நாள் முழுக்க மாமா என்னை எக்ஸிலேட்டரைத் தொடவே விடல்ல. “கிளச்சை மட்டும் விடு. கார் எந்த இடத்தில தலையைத் தூக்குதெண்டு கால்ல பிடி.” மெல்ல, மெல்ல, நகம் அளவு நகம் அளவா விட்டா ஒரு இடத்தில எஞ்சின் சத்தம் தாழும், கார் லேசா நடுங்கும். அதில ஒரு மூச்சு நேரம் நிப்பாட்டினா கார் தானா ஊரும். எக்ஸிலேட்டரே வேணாம். இருபது தரம் செய்ய வைச்சார். இருபத்தோராந்தரம் நான் பயப்படல்ல.

2004ல ஏன் ஒருவரும் இதைச் சொல்லித் தரல்ல? அந்தப் பழக்கினவர் நாலாம் நாளே சந்திக்குக் கூட்டிப் போனார். எனக்கு ஏலாது எண்டு இல்ல, எனக்குப் பழக்கல்ல.

மாமா பேசிக்கொண்டே இருப்பார். அவர் பழகின லொறியில கியர் லேசில விழாதாம். கிளச்சை மிதிச்சு நியூட்ரல், கிளச்சை விட்டு எஞ்சினைக் கொஞ்சம் இரைய விட்டு, திரும்ப மிதிச்சு அடுத்த கியர். டபுள் கிளச். இல்லாட்டிப் பல்லு அரைபடும். மொறிஸ் மைனரிலயும் முதல் கியர் அப்பிடித்தான், கார் நிண்ட பிறகுதான் போடலாம். பழைய கல்லடிப் பாலம் 1928ல கட்டினது, ஒடுக்கம், ஒரு பக்கத்தால வாற வாகனம் முடிய மற்றப் பக்கம் விடும். அதில லொறியோட காத்து நிண்டு, அரைக் கிளச்சில ஊர்ந்து ஊர்ந்து இடது முழங்கால் போச்சு எண்டார். பாரத்தோட ஒரு மணித்தியாலம் அந்தப் பாலத்துக்கு நிண்ட நாளும் இருக்காம். புதுப் பாலம் 2013ல திறந்தபோது அவர் ஓட்டத்தை விட்டிட்டார்.

கியரும் கிளச்சும் பெருமை எண்டு பேசிறவங்க மாமாவின்ர முழங்காலை வந்து பார்க்கணும். படி ஏறேக்க ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் தூக்குவார்.

2025 ஜூலை 13

அதே முழங்கால் காரணமா மாமாவை வேகன் ஆரில ஓட வைச்சுப் பார்த்தம். அவர் 12 வருசமா ஒண்டும் ஓடல்ல.

ஐம்பது அடி போனார், நல்லாப் போனார். நிப்பாட்ட வேண்டிய இடத்தில இடது கால் பழக்கத்தில கிளச்சைத் தேடி, பிரேக்கை முழுப் பலத்தோட மிதிச்சிட்டு. நாங்க எல்லாரும் முன்னுக்கு விழுந்தம். மனுவலில இருந்து ஓட்டோவுக்கு மாறுற எல்லாருக்கும் இது வரும், பயப்படத் தேவையில்ல. இடது காலைச் சீட்டுக்குக் கிட்ட மடிச்சு வைங்க, வலது கால் மட்டும் வேலை செய்யட்டும். மாமாவுக்கு அதைச் சொன்னது நான். ரெண்டாம் ஓட்டம் டச் பார் முனை வரைக்கும் போயிட்டு வந்தார். இறங்கி நிண்டு முழங்காலைத் தடவிப் பார்த்தார். நோகல்லையாம். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்துது.

2025 ஜூலை 14

கார் வாங்கிறது பற்றின கேள்விகளுக்குச் சுருக்கமா. சிவிடி எடுக்கிற ஆக்கள் அதுக்கெண்டே வாற ஒயிலை, கம்பனி சொன்ன இலக்கம் பார்த்து ஊத்துங்க, சும்மா ஓட்டோ கியர் ஒயில் ஊத்தாதீங்க. பற்றரி இறங்கினா மனுவலைத் தள்ளி ரெண்டாவது கியரில ஸ்டார்ட் எடுக்கலாம், ஓட்டோவைத் தள்ளிப் பிரயோசனமில்ல, ஜம்பர் வயர் வைச்சிருங்க. கட்டி இழுக்கவும் வேணாம். எஞ்சின் ஓடாட்டி கியர்பொக்ஸ் பம்ப் ஓடாது, உள்ளுக்கு ஒயில் இல்லாமச் சுழண்டு தேயும். இழுக்கிற சில்லு நிலத்தில படாம ஏத்தித்தான் கொண்டு போகணும்.

2025 ஓகஸ்ட் 3

மகள் லீவில வந்து நிக்கிறாள், கார் பழகப் போறாள். லண்டனில இருக்கிற சித்தி மகள் சொல்றாள், அங்க ஓட்டோவில ட்ரயல் (லைசன்ஸுக்கு ஓடிக் காட்டுற சோதனை) பாஸ் பண்ணினா மனுவல் ஓட விடமாட்டாங்களாம், அதால முதலே மனுவலில குடு எண்டு. கரண்ட் கார் வந்தா கியரே தேவைப்படாது, என்னத்துக்கு இந்தப் பாடு எண்டு மகள் கேக்கிறாள். அதுவும் சரிதான், கரண்ட் மோட்டர் நிண்ட இடத்தில இருந்தே முழு இழுவையும் குடுக்கும், மாத்திறதுக்குக் கியர் வேணாம்.

நான் சொன்னது, முதல் மாதம் வேகன் ஆர். வீதியைப் பழகு, கண்ணாடியைப் பழகு, சைக்கிள்காரர் எப்ப கிறுகுவார் எண்டு பழகு. ரெண்டாம் மாதம் அப்பப்பாவோட மாருதி.

2025 செப்டம்பர் 21

மனுவலில திரும்ப ட்ரயல் குடுத்துப் பாஸ்.

நேத்து ஐயா வந்து கேட்டார். சிறுபோகம் வெட்டின நெல்லு கொக்கட்டிச்சோலையில கிடக்குதாம், மகனுக்குக் காய்ச்சல், கொண்டு வரணும். “பட்டாவை எடுப்பமா, மிஸ்?”

அண்டைக்கு இரவு நான் இருந்த அதே சீட். பக்கத்தில அதே ஐயா, இப்ப மருந்துப் பையோட. கிளச்சை மெல்ல விட்டன், வண்டி தலையைத் தூக்கிச்சு, ஊர்ந்துது. முத்தத்தால வீதிக்குக் கிறுகினன். ஐயா ஒண்டும் பேசல்ல, நேர பார்த்துக்கொண்டு வந்தார். வரேக்க மண்முனைப் பாலத்தில ஏற, பின்னால நெல்லு மூடைப் பாரத்துக்கு எஞ்சின் திணறிச்சு. அப்பதான் வாயைத் திறந்தார்.

“ரெண்டாவதுக்கு இறக்கு புள்ள.”

இறக்கினன்.